இறக்கையில் வைத்த உப்பு

கண்ணு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்றெல்லாம் கேட்டு ஆரம்பிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதையெல்லாம் கேட்கப் போனால் பேப்பர் தீர்ந்துவிடும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கை எங்கேயும் போய்விடவில்லை. உன்னிடம் நான் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். இதைக் கடைசிவரை படி. படித்து முடிக்கும்வரை வேலையை விடுகிறேன் என்று உன் முதலாளியிடம் வாயைத் திறக்காதே. உன் அப்பா வெள்ளிக்கிழமை உப்பு லாரியோடு சென்னைக்கு வருகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஓரமெல்லாம் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் வழியில் அவர் படித்துவிட்டார் என்று புரிந்துகொள். அவருக்கும் இது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ கடை போனுக்குக் கூப்பிட்டபோது என்னைச் சுற்றி ஆறு பேர் நின்றிருந்தார்கள். "அன்னிக்கு போட்டிக்கு செஞ்ச அந்த மாடல் பிளேன் ஏதோ குருட்டாம்போக்குல வந்துடுச்சும்மா. இப்போ எட்டு வாட்டி செஞ்சு பாத்துட்டேன், ஒண்ணுகூட அந்த மாதிரி வரல. எனக்குக் கை கெடையாது. மாசக் கடைசியில வந்துடறேன், அப்பாகூட உப்பு லாரிக்கே போறேன்" என்றாய். உன் குரலில் அழுகை இருந்ததா, ஜலதோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் "சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னதற்கு, "வரட்டும் உடு, லோடு ஏத்த ஆளு கெடைக்கல" என்றார். அவருக்கு அது ஆறுதல் பேச்சு. எனக்கு இல்லை. அந்தக் கடையிலேயே, அந்த ஆறு பேருக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் வேறொரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும். பெரிய முதலியார்சாவடியில் வீட்டைக் காலி செய்துகொண்டு தன் நாட்டுக்குப் போன அந்த வெள்ளைக்காரர், காருக்கு நீ அடித்த பெயின்ட் பிடித்துப்போய், பிரிக்காத மாடல் விமானப் பெட்டிகள் ஏழெட்டை உன் தலையில் கட்டிவிட்டுப் போனாரே, அந்த வருஷம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்து நாலு வயசு ஆண்பிள்ளை, வேலை முடிந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுப்பாய், உப்புத்தாளால் தேய்ப்பாய், ஊதுவாய், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாய், மறுபடியும் தேய்ப்பாய். விமானத்துக்குள் உட்காரும் சுண்டுவிரல் நுனி அளவு மனிதன் ஒருவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் முகத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் உன் முகத்தை நீ ஒரு தடவை கழுவியிருக்கலாம் என்று நான் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும்.

அப்போதுதான் இரும்பை ஊரிலிருந்து உனக்குப் பார்த்த பெண் வீட்டார் வந்தார்கள். அலமாரியில் வரிசையாக நின்றிருந்த விமானங்களைப் பார்த்து அந்தப் பெண்ணின் அம்மா, "இது யாருதுங்க?" என்று கேட்டாள். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல், "பக்கத்து வூட்டுப் பையனுதுங்க, வெளையாட வெச்சிருக்கான்" என்றேன். நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். தலையைக் குனிந்து காப்பி டம்ளரையே பார்த்தாய். அவர்கள் போனதும் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். அந்தச் சம்பந்தமும் வேறு காரணத்தால் நின்றுபோயிற்று. பொய் மட்டும்தான் மிச்சம். அதற்கு இன்றுவரை நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பெற்ற பிள்ளை ஆசையாகச் செய்ததை ஊராருக்குப் பயந்து இன்னொருத்தன் பெயரில் தள்ளிவிட்டேன். நீ பிள்ளைகள் பெற்றால் இந்தத் தப்பை மட்டும் செய்யாதே, வேறு எதை வேண்டுமானாலும் செய்.

கொஞ்ச நாளில் நீ திரும்பவும் இறக்கின பெட்டிகள் மறுபடி பரணுக்குப் போகாததற்கு நான் ஒரு விதத்தில் காரணம் என்று சொல்லிக்கொள்வேன், சிரிக்காதே. உனக்குப் பெயின்ட் பால் பூத்தது மாதிரி வெளுத்து வெளுத்துப் போய்க்கொண்டிருந்தது. பாண்டிச்சேரி ஒர்க்ஷாப்பில் நன்றாக வருவது வீட்டில் வரவில்லை என்று புலம்பினாய். "கடல்காத்து திரும்பறதுக்குள்ள அடிச்சுடுடா, மேக்காத்து இருக்கறப்போதான் காத்துல ஈரம் இருக்காது" என்று நான்தான் சொன்னேன். உப்பளத்தில் இருபத்தைந்து வருஷம் நின்றவளுக்குக் காற்றைத் தெரியாதா? பத்து மணிக்கு அடித்தாய், கண்ணாடி மாதிரி வந்தது. அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு நீ ஒட்டும்போது நான் பக்கத்தில் அரிசி பொறுக்குவது போல் உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன். உனக்குத் தெரியாது. அந்த அரிசியில் கல்லே இருந்ததில்லை.

இப்போது போன வருஷத்துச் சித்திரை மாசக் கடைசிக்கு வருகிறேன். முந்தின மார்கழியில் கடல் உள்ளே வந்து போனதில் அளத்துப் பாத்தியெல்லாம் சேறாகி, அதை வாரிக் கொட்டி, மறுபடி தண்ணீர் கட்டி, அப்போதுதான் உப்பு இறங்க ஆரம்பித்திருந்தது. நீயும் அந்த ஒற்றை விசிறிப் போர் விமானத்தை மூன்று மாசமாகச் செய்துகொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் போட்டி. வியாழக்கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது அதை மேஜைமேல் வைத்து, முறத்தைப் போட்டு மூடிவிட்டு, "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறாய், அன்றைக்குப் பச்சை அடிக்கப் போகிறாய் என்று மட்டும் தெரியும். மேற்கொண்டு எனக்கு ஒன்றும் தெரியாது.

அளத்திலிருந்து மத்தியானம் வந்து கால் கழுவினேன். முறத்துக்குள் எறும்பு போகிறதோ என்று தோன்றித் தூக்கிப் பார்த்தேன். வெள்ளி வர்ணம் அடித்த விமானம் பூராவும் உப்புப் பூத்துக் கிடந்தது. இறக்கையில் உப்பு, முதுகில் உப்பு, வாலில் உப்பு. கண்ணு, இந்த வீட்டில் உப்பு தின்னாத பொருள் ஏதாவது இருக்கிறதா, நீயே சொல். ஜன்னல் கம்பி போயிற்று, உன் சைக்கிள் ரிம் போயிற்று, உன் அப்பாவின் ஷேவிங் செட்கூடப் போயிற்று. என் சேலையிலிருந்தும் காலிலிருந்தும் வந்த உப்புதான் பறந்து போய் உன் மூன்று மாச உழைப்பையும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது என்பது அந்த நிமிஷத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. பார்க்க இரும்பு மாதிரியே அல்லவா செய்து வைத்திருந்தாய். குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றி, முந்தானையால் ஒற்றி ஒற்றி, ஒரு பொட்டு உப்பு விடாமல் எடுத்துவிட்டேன். விமானம் பளபளவென்று நின்றது. காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு பெருமை வேறு.

முறத்தை மறுபடி மூடப் போகும்போதுதான் மேஜையில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். தூள் உப்பு, ஈரமான பிரஷ், பக்கத்தில் நீ கிழித்து வைத்திருந்த ஏதோ பத்திரிகையின் பக்கம். அதில் நாலு படம் இருந்தது. வெள்ளி விமானத்தின்மேல் உப்பு ஒட்டுகிறார்கள். அதற்குமேல் வர்ணம் அடிக்கிறார்கள். அப்புறம் உப்பைத் தேய்த்து உதிர்க்கிறார்கள். உப்பு இருந்த இடத்திலெல்லாம் பெயின்ட் உரிந்து உள்ளே இருக்கும் தகரம் தெரிவது போல் வெள்ளி தெரிகிறது. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் படம் தெரியும். நீ வேண்டுமென்றே ஒட்டி வைத்த உப்பைத்தான் நான் துடைத்து எடுத்திருக்கிறேன்.

நீ வர மூன்று மணி நேரம் இருந்தது. உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ கத்தியிருப்பாய், பிறகு நீயே மறுபடி வைத்திருப்பாய். அந்தப் பெண் வீட்டார் வந்துபோன நாள் நினைவுக்கு வந்தது, கண்ணு. இரண்டாவது தடவையும் அம்மாதான் கெடுத்தாள் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். உன் கிண்ணத்து உப்பையே எடுத்துத் தூவிப் பார்த்தேன். அதற்குள் கடல்காற்று திரும்பிவிட்டது, அந்தக் கடை உப்பு வைக்க வைக்கக் கரைந்து தண்ணீராக வழிந்தது. இது உப்பா என்று திட்டிவிட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அளத்துக்கு ஓடினேன். பாத்தியில் உப்பு முற்றி நின்ற தண்ணீர் ஒரு தூக்கு எடுத்தேன். தண்ணீர்மேல் பாலாடை மாதிரி மிதக்குமே, அந்த மெல்லிய உப்பைத் தூக்கின் மூடியில் ஏந்தினேன். வரப்பில் காய்ந்து மாவாகக் கிடந்ததையும், கொஞ்சம் கல்லுப்பையும் துணியில் முடிந்துகொண்டேன். வழியில் யாரோ "எங்க இவ்ளோ வேகமா?" என்று கேட்டதற்கு, "சாம்பாருக்கு" என்று சொன்னேன்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. நீ உன் பிளேனில் கோலமாவு தூவுவது மாதிரி எல்லா இடத்திலும் ஒரே சமமாகத் தூவியிருந்தாய். நான் துடைக்கும்போது பார்த்தது எனக்கு ஞாபகம் இருந்தது. உப்பு அப்படித் தின்னாதுடா. நம் அளத்துப் பம்ப் செட்டை நினைத்துப் பார். எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றி உரிந்திருக்கும், நடு உடம்பில் ஒன்றும் இருக்காது. உப்பு லாரியில் டிரைவர் கால் வைத்து ஏறும் இடம் தேய்ந்திருக்கும், கதவில் கை படும் இடம் தேய்ந்திருக்கும், காற்றை எதிர்க்கும் முன்பக்கம் பொடிப்பொடியாகப் போயிருக்கும். அந்தச் சின்ன மனிதனை எடுத்து வைத்துப் பார்த்தேன். இவன் இந்த விமானத்தில் எந்தப் பக்கம் ஏறுவான், எங்கே காலை வைப்பான், எதைப் பிடித்துக்கொள்வான் என்று யோசித்தேன். அங்கெல்லாம் பாத்தித் தண்ணீரைத் தொட்டு வைத்தேன், அதன்மேல் கல்லுப்பை நசுக்கி வைத்தேன். இறக்கையின் முன் ஓரத்தில் வரப்பு மாவு. ஆணித் தலைகளின் வரிசையில் அந்தப் பாலாடை உப்பு. மற்ற இடத்தில் சும்மா தண்ணீரைத் தெளித்துவிட்டேன், அது காயும்போது தானாகவே மெல்லிசாகப் பூத்துக்கொண்டது. வெயிலில் வைத்தால் இறக்கை வளைந்துவிடும் என்று நீ சொல்லியிருந்ததால், நிழலில் வைத்து விசிறியால் வீசினேன். இரண்டு நாள் தோள் வலித்தது.

அந்த மூன்று மணி நேரம் எனக்குப் பயமே இல்லை என்பதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் இருந்தது, நடுவில் எங்கேயோ போய்விட்டது. இருபத்தைந்து வருஷமாக உப்பை வாரி வாரிக் கொட்டியிருக்கிறேன். ஒரு கல்லை எடுத்து, இதை இங்கே வைக்கலாமா அங்கே வைக்கலாமா என்று யோசித்தது அன்றைக்குத்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நீ வந்தாய், முறத்தைத் தூக்கினாய். "நான் இவ்ளோ வெச்சனா?" என்று தலையைச் சொறிந்தாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "யாரு கண்டா" என்றேன். மறுநாள் மேற்குக் காற்றில் பச்சை அடித்து, காயவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாய். நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். "அம்மா! யம்மா! இங்க வந்து பாரும்மா!" என்று நீ போட்ட கத்தலில் உன் அப்பா பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார். அந்த விமானம் எத்தனையோ வருஷம் கடற்கரையில் நின்று வெயிலும் உப்பும் தின்றது மாதிரியே இருந்தது. நீயும் அழுதாய், நானும் அழுதேன். நான் எதற்கு அழுதேன் என்று நீ கேட்கவில்லை.

போட்டியில் பரிசுக்குப் பார்த்த அந்தப் பெரியவர், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், லென்ஸ் வைத்துக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, பைலட் கால் வெக்கிற எடம்கூடத் தேஞ்சிருக்குதே. நீ இந்த மாதிரி பிளேன் பக்கத்துல நின்னிருக்கியா?" என்றார். நீ, "இல்ல சார், நான் மரக்காணம்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். "இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராதுப்பா, கையில இருக்கணும்" என்று அவர் கோப்பையைக் கொடுத்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பின்னால் எலுமிச்சம்பழச் சாதத் தூக்கோடு நின்றிருந்தேன். பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கூடவே கோபமும் வந்தது. பெற்ற பிள்ளைமேலேயே பொறாமை. அது என் கை என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த இடத்திலேயே உன் இப்போதைய முதலாளி வந்து, மாடல் செய்யும் பட்டறையில் வேலை தருகிறேன் என்றார். வாயை மூடிக்கொண்டேன். உனக்காக மூடிக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பாதி அதுதான். மீதி, யார் நம்புவார்கள் என்ற வெட்கம்.

ஒரு வருஷம் தப்பித்தேன். பட்டறையில் நீ செய்ததெல்லாம் புதுசாகப் பளபளக்கிற விமானம், கப்பல், கட்டடம். இப்போது ஏதோ ஓட்டலுக்காகக் கடலோரத்துப் பழைய விமானம் வேண்டும், அந்தப் பரிசு விமானம் மாதிரியே வேண்டும் என்று வந்து நிற்கிறது. நீ அதே கடை உப்பை, அதே குழாய்த் தண்ணீரில், அதே கோலமாவு மாதிரி எட்டுத் தடவை தூவிவிட்டுக் கையைக் குறை சொல்கிறாய். அந்த விமானத்தை இழைத்து ஒட்டினது நீ. இணைப்புத் தெரியாமல் தேய்த்தது நீ. வெள்ளியும் பச்சையும் நீ. உப்பு மட்டும் என்னுடையது. இரண்டு பேர் செய்ததை ஒருத்தன் எட்டுத் தடவை தனியாகச் செய்தால் எப்படி வரும்? அதற்காக உப்பு லாரிக்கு வருகிறேன் என்று இன்னொரு தடவை சொன்னால் அடி விழும்.

அப்பா கையில் ஒரு பையும் இருக்கும். மூன்று மாத்திரை டப்பாக்களில் மூன்று உப்பு, எது எது என்று மேலே எழுதியிருக்கிறேன். டானிக் பாட்டிலில் இருப்பது பாத்தித் தண்ணீர், டானிக் என்று நினைத்துக் குடித்துவிடாதே. மழை ஆரம்பித்தால் பாத்தியெல்லாம் கரைந்துவிடும், தை மாசம் வரைக்கும் இந்தத் தண்ணீர் கிடைக்காது. அதனால் நேற்றே போய் எடுத்துவிட்டேன். உப்பை வைப்பதற்கு முன்னால் யோசி. இந்த விமானத்தில் ஏறினவன் யார், அவன் எங்கே மிதித்தான், எங்கே பிடித்தான், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று யோசி. வராவிட்டால் வேலையை விடாதே, எனக்குப் பஸ் நம்பர் சொல்லு. நான் வந்து காட்டுகிறேன்.

உன் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவர் என்ன சொல்வாரோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டுத் தடவை கெட்டதைப் பார்த்தும் உன்னை வைத்திருக்கிற மனுஷர், ஒரு உண்மையைக் கேட்டா துரத்துவார்? போட்டிக்காரர்கள் கோப்பையைத் திருப்பிக் கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடலாம். அலமாரியில்தான் இருக்கிறது. நம் வீட்டு உப்பு அதையும் பிடித்து, அடியில் துருவேற ஆரம்பித்துவிட்டது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் கடைசியில் வைத்தேன். அளம் மூடினால் நாலு மாசம் எனக்கு வேலை இல்லை. அப்பா திரும்பி வரும்போது ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தனுப்பு. பெரிசு வேண்டாம், உள்ளே அந்தச் சின்ன மனிதன் இருக்கிற மாதிரி பார்த்து வாங்கு. பசையும் ஒரு நல்ல பிரஷ்ஷும் சேர்த்து வை. ஒட்டுவது எனக்கு உன் அளவுக்கு வராது, கோணல்மாணலாகத்தான் இருக்கும். இருந்தாலும் அலமாரியில், வந்தவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைக்கப் போகிறேன். யாராவது "இது யாருதுங்க?" என்று கேட்கட்டும்.

என்னுடையது என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா